தூங்கும் குழந்தையின் மூளைக்குள்: ஆய்வு மாணவியின் கேள்வி பதில்

பிறந்த குழந்தையிலிருந்து ஐந்து வயது வரை, தூக்கத்துக்கும் மூளை வளர்ச்சிக்கும் என்ன தொடர்பு என்பதுதான் என் முனைவர் பட்ட ஆய்வு. நான்காவது வருடம் ஓடிக்கொண்டிருக்கிறது. இந்தப் பகுதிக்கு வந்த கேள்விகளில் நிறைய நள்ளிரவு தாண்டி அனுப்பப்பட்டவை, தோளில் குழந்தையைப் போட்டுக்கொண்டு ஒற்றைக் கையால் தட்டியவை என்று எழுத்துப் பிழைகளைப் பார்த்தாலே தெரிகிறது. அதனால் அவசரமான கேள்விகளை முதலில் எடுத்துக்கொண்டேன். நான் மருத்துவர் இல்லை, ஆராய்ச்சி செய்கிறவள். மருத்துவரிடம் போக வேண்டிய இடம் எது என்று தெரிந்தவரை அங்கங்கே சொல்லியிருக்கிறேன்.

கேள்வி: என் மகளுக்கு 7 மாதம். இரவில் மூன்று, நான்கு முறை எழுந்து அழுகிறாள். தூக்கம் கெட்டால் மூளை வளர்ச்சி கெடும் என்று படித்ததிலிருந்து எனக்கும் தூக்கம் போய்விட்டது. நான் எங்கே தவறு செய்கிறேன்?

நீங்கள் எங்கேயும் தவறு செய்யவில்லை. இதை முதலில் சொல்லிவிட்டுத்தான் மற்றதைச் சொல்ல வேண்டும், ஏனென்றால் வந்த கடிதங்களில் பாதி இதே கேள்விதான், வேறு வேறு வார்த்தைகளில்.

பெரியவர்களுக்கு ஒரு தூக்கச் சுற்று ஏறக்குறைய 90 நிமிடம். சின்னக் குழந்தைகளுக்கு 50 முதல் 60 நிமிடம்தான். ஒவ்வொரு சுற்றும் முடிகிற இடத்தில் தூக்கம் மேலே வந்து, லேசாக விழிப்புத் தட்டி, மறுபடி உள்ளே போகிறது. நமக்கும் அப்படித்தான் நடக்கிறது, புரண்டு படுத்துவிட்டு மறந்துவிடுகிறோம். குழந்தைக்குச் சுற்று குறுகியது என்பதால் விழிப்பு வரும் வாய்ப்பும் அதிகம். தாமஸ் ஆண்டர்ஸ் என்ற ஆய்வாளர் 1979-லேயே கைக்குழந்தைகளின் இரவுகளை வீடியோவில் பதிவு செய்து பார்த்தார். 'ராத்திரி முழுக்கத் தூங்குகிறான்' என்று பெற்றோர் சொன்ன குழந்தைகளும் இரவில் விழித்தார்கள். சத்தம் போடாமல் சற்று நேரம் கண்ணைத் திறந்து வைத்திருந்துவிட்டு மறுபடி தூங்கினார்கள், அவ்வளவுதான் வித்தியாசம். ஆக, உங்கள் மகள் விழிப்பது அல்ல விஷயம், விழித்ததும் உங்களைக் கூப்பிடுகிறாள். பக்கத்து வீட்டுக் குழந்தை கூப்பிடுவதில்லை.

இது மூளையைப் பாதிக்குமா? கனடாவில் மேரி-ஹெலீன் பென்னெஸ்ட்ரி குழுவினர் 388 குழந்தைகளை வைத்துச் செய்து 2018-ல் வெளியிட்ட ஆய்வை எனக்குத் தெரிந்த எல்லாப் பெற்றோரிடமும் சொல்லிக்கொண்டே இருக்கிறேன். 6 மாதத்தில் 38 சதவீதக் குழந்தைகள் தொடர்ந்து 6 மணி நேரம் தூங்கவில்லை. ஒரு வயதிலும் 28 சதவீதம் அப்படித்தான். 8 மணி நேரம் என்று கணக்கை வைத்தால் 6 மாதத்தில் பாதிக்கு மேல், 57 சதவீதம், தேறவில்லை. அந்தக் குழந்தைகளின் மன வளர்ச்சியையும் உடலசைவு வளர்ச்சியையும் அளந்து பார்த்தபோது, ஒரே மூச்சாகத் தூங்கியவர்களுக்கும் எழுந்து எழுந்து தூங்கியவர்களுக்கும் குறிப்பிடத்தக்க வித்தியாசம் எதுவும் கிடைக்கவில்லை. எழுந்து தூங்கிய குழந்தைகளிடம் தாய்ப்பால் குடிப்பவர்கள் கூடுதலாக இருந்தார்கள் என்பது மட்டும் தெரிந்தது.

அப்படியானால் நீங்கள் படித்தது பொய்யா என்றால், முழுப் பொய் இல்லை. 24 மணி நேரத்தில் மொத்தத் தூக்கமே மாதக்கணக்கில் மிகக் குறைவாக இருக்கும் குழந்தைகளிடம் பின்னாளில் கவனம், நடத்தை சார்ந்த சிக்கல்கள் சராசரியாகக் கொஞ்சம் கூடுதலாகத் தெரிவதைப் பல ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. ஆனால் அது நூற்றுக்கணக்கான, ஆயிரக்கணக்கான குழந்தைகளின் சராசரி. அதை வைத்து ஒரு குழந்தையின் எதிர்காலத்தைச் சொல்லவே முடியாது. எது காரணம், எது விளைவு என்பதும் அவ்வளவு தெளிவில்லை, நரம்பு மண்டலத்தில் ஏற்கெனவே இருக்கிற ஒரு வேறுபாடே தூக்கத்தையும் கெடுத்து கவனத்தையும் குறைத்திருக்கலாம். இந்த நுணுக்கமெல்லாம் ஆய்வுக் கட்டுரையில் இருக்கும், தலைப்புச் செய்தியில் இருக்காது. அந்தத் தலைப்பைத்தான் இரவு இரண்டு மணிக்கு ஒரு அம்மா படிக்கிறார். என் துறையில் எனக்கு உண்மையிலேயே கோபம் வருகிற இடம் இது.

பார்க்க வேண்டியது மொத்தத் தூக்கத்தை. பகலும் இரவும் சேர்த்து 12 மணி நேரத்தைத் தொடுகிறதா, விழித்திருக்கும்போது சுறுசுறுப்பாக இருக்கிறாளா, எடை ஏறுகிறதா? ஆமென்றால் அவள் மூளைக்கு வேண்டியது கிடைத்துக்கொண்டிருக்கிறது. இப்போது அவசரமாகச் சரிசெய்ய வேண்டியது உங்கள் தூக்கம். வீட்டில் இன்னொருவர் இருந்தால் இரவை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதியில் உங்களுக்குத் தொடர்ந்து நான்கைந்து மணி நேரமாவது கிடைக்கும்படி செய்துகொள்ளுங்கள். வாரக்கணக்கில் மனம் சோர்ந்தே கிடக்கிறது, எதிலும் பிடிப்பில்லை, குழந்தை தூங்கும்போதும் உங்களுக்குத் தூக்கம் வரவில்லை என்றால், தள்ளிப் போடாமல் மருத்துவரைப் பாருங்கள்.

கேள்வி: பேரனுக்கு மூன்று வாரம் ஆகிறது. தூக்கத்தில் கை கால் வெடுக் வெடுக்கென்று துடிக்கிறது, முகம் கோணுகிறது, திடீரென்று சிரிக்கிறான், இமைக்குள் கண் உருளுகிறது. வலிப்பாக இருக்குமோ என்று எனக்குப் பயம். வீட்டில் யாரும் கண்டுகொள்ள மாட்டேன் என்கிறார்கள்.

அம்மா, நீங்கள் இவ்வளவு கூர்ந்து பார்த்திருக்கிறீர்களே, அதற்கே நன்றி சொல்ல வேண்டும். நீங்கள் பார்த்தது என் துறையிலேயே மிக அழகான காட்சி.

பிறந்த குழந்தையின் தூக்கம் இரண்டு வகை. ஒன்று அமைதித் தூக்கம்: மூச்சு சீராக இருக்கும், உடம்பு அசையாது. இன்னொன்று அசைவுத் தூக்கம்: நீங்கள் சொன்ன அத்தனையும் இதில்தான் நடக்கும், மூச்சும் ஒரு சீரில்லாமல் இருக்கும். இதுதான் வளர்ந்த பிறகு நாம் கனவு காணும் 'ரெம்' தூக்கமாக மாறுகிறது. பெரியவர்களின் தூக்கத்தில் அது 20 முதல் 25 சதவீதம். பிறந்த குழந்தைக்கோ ஏறக்குறைய பாதி. 1966-ல் ரோஃப்வார்க், முஸியோ, டிமெண்ட் என்ற மூவர் இந்தக் கணக்கை எடுத்து வைத்து ஒரு கேள்வி கேட்டார்கள்: வாழ்ந்த அனுபவமே இல்லாத ஒரு குழந்தைக்கு இவ்வளவு ரெம் தூக்கம் எதற்கு? வெளியுலகிலிருந்து தூண்டுதல் போதுமான அளவு வருவதற்கு முன்பே மூளை தனக்குத் தானே தூண்டுதல் கொடுத்து வளர்கிறது என்பது அவர்கள் முன்வைத்த விடை.

அந்த ஊகத்துக்கு உயிர் கொடுத்தவர்களில் ஒருவர் அயோவா பல்கலைக்கழகத்தின் மார்க் பிளம்பெர்க். துடிப்பு என்பது மூளை விடும் கட்டளையின் மிச்சம்தான் என்று வெகுகாலம் நினைத்துக்கொண்டிருந்தார்கள். இவர் எலிக்குஞ்சுகளில் பார்த்தது அதற்கு நேர் எதிர். தூக்கத்தில் ஒரு கால் துடித்ததும், அந்தக் காலிலிருந்து தகவல் மேலே போய் மூளையின் உணர்வுப் பகுதிகள் சட்டென்று பரபரப்பாகின்றன. அதே காலை குஞ்சு விழித்திருக்கும்போது அசைத்தால் அந்த அளவு எதிரொலி கிடைப்பதில்லை. அதாவது தூக்கத்தில், மற்ற இரைச்சல் எல்லாம் அடங்கிய நேரத்தில், மூளை ஒவ்வோர் உறுப்பாகத் தட்டிப் பார்த்து 'இது என் கை, இது என் விரல், இதை இழுக்கிற கம்பி இது' என்று படித்துக்கொள்கிறது. உங்கள் பேரனும் இப்போது அந்த வேலையில்தான் இருக்கிறான் என்று நான் நம்புகிறேன். அடுத்த தடவை அவன் துடிக்கும்போது விரல்களைப் பாருங்கள், ஒவ்வொன்றும் தனித்தனியாக அசையும்.

சரி, வலிப்பு இல்லை என்று எப்படித் தெரிந்துகொள்வது? துடிப்பு தூக்கத்தில் மட்டும் வந்து, எழுப்பியதும் நின்றுவிட்டால் பெரும்பாலும் கவலை இல்லை. விழித்திருக்கும்போதும் வருகிறது, எழுப்பினாலும் நிற்காமல் ஒரே தாளத்தில் தொடர்கிறது, உதடு நீலமாகிறது, கண் ஒரு பக்கமாக நிலைகுத்துகிறது, பால் குடிக்க மறுக்கிறான், இதில் எது இருந்தாலும் உடனே மருத்துவமனைதான். சந்தேகமாக இருந்தால் போனில் வீடியோ எடுத்துக்கொண்டு போங்கள். வாயால் விவரிப்பதைவிட மருத்துவருக்கு அது பல மடங்கு உதவும்.

கேள்வி: எந்த வயதுக்கு எத்தனை மணி நேரம் என்று ஒரே வரியில் சொல்ல முடியுமா?

உலக சுகாதார நிறுவனம் 2019-ல் சொன்ன கணக்கு, பகல் தூக்கத்தையும் சேர்த்து: 3 மாதம் வரை 14 முதல் 17 மணி நேரம், 4 முதல் 11 மாதம் வரை 12 முதல் 16, ஒன்று, இரண்டு வயதில் 11 முதல் 14, மூன்று, நான்கு வயதில் 10 முதல் 13. ஒவ்வொன்றிலும் மூன்று, நான்கு மணி நேர இடைவெளி விட்டிருக்கிறார்கள் பாருங்கள். அந்த இடைவெளி சும்மா வைத்ததில்லை, குழந்தைக்குக் குழந்தை அவ்வளவு மாறும். அமெரிக்கத் தூக்க மருத்துவர் சங்கம் 2016-ல் இதே வேலையைச் செய்தபோது 4 மாதத்துக்குக் கீழே எண்ணே தரவில்லை. அந்த வயதில் இயல்பு என்பதன் எல்லை அவ்வளவு அகலம்.

கேள்வி: குப்புறப் படுக்க வைத்தால்தான் என் மகன் நன்றாகத் தூங்குகிறான். வயது 2 மாதம். அப்படியே விடலாமா?

வேண்டாம். ஒரு வயது வரை ஒவ்வொரு தடவையும், பகல் தூக்கத்துக்கும் சேர்த்து, மல்லாந்துதான் படுக்க வைக்க வேண்டும். சமதளமான, அமுங்காத படுக்கை, மேலே தலையணை, போர்வை, பொம்மை எதுவும் கூடாது. குப்புறப் படுத்தால் நன்றாகத் தூங்குவது உண்மைதான், ஆபத்தே அதில்தான் இருக்கிறது: ஆழ்ந்து தூங்கும் குழந்தைக்கு மூச்சுத் தடைபட்டாலும் விழிப்பு வருவது கடினம். அமெரிக்காவில் 1994-ல் மல்லாந்து படுக்க வைக்கும் இயக்கம் தொடங்கிய பிறகு, தூக்கத்தில் நேரும் திடீர்ச் சிசு மரணங்கள் பாதிக்கும் கீழே குறைந்தன. எத்தனையோ விஷயங்களில் 'குழந்தைக்குக் குழந்தை மாறும்' என்று சொல்கிற நான் இதில் மட்டும் அப்படிச் சொல்ல மாட்டேன். அவனே இரண்டு பக்கமும் தானாகப் புரளக் கற்றுக்கொண்ட பிறகு, மல்லாந்து படுக்க வைத்த குழந்தை இரவில் புரண்டு குப்புறப் போனால் அப்படியே விடலாம்.

கேள்வி: மூன்றரை வயது மகள் மதியம் தூங்கவே மாட்டேன் என்கிறாள். பள்ளியில் கட்டாயம் படுக்க வைக்கிறார்கள், அன்று இரவு பதினோரு மணி வரை கொட்டக் கொட்ட விழித்திருக்கிறாள். மதியத் தூக்கம் மூளைக்கு நல்லது என்று ஆசிரியை சொல்கிறார். யார் சொல்வது சரி?

இரண்டு பேரும் சரி, வேறு வேறு குழந்தைகளைப் பற்றிப் பேசும்போது. என் ஆய்வும் இதைச் சுற்றித்தான் என்பதால் கொஞ்சம் நீட்டிச் சொல்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஆசிரியை சொல்வதற்கு ஆதாரம் உண்டு. மாசசூசெட்ஸ் பல்கலைக்கழகத்தில் ரெபெக்கா ஸ்பென்சர் குழு 2013-ல் ஓர் ஆய்வு செய்தது. எந்தப் படம் எந்தக் கட்டத்தில் இருந்தது என்று நினைவு வைத்துக்கொள்ளும் விளையாட்டைக் காலையில் குழந்தைகளுக்குக் கற்றுக்கொடுத்தார்கள். மதியம் தூங்கிய நாளில் கற்றது அப்படியே நின்றது, தூங்காமல் விட்ட நாளில் ஒரு பகுதி நழுவியது, இரவு முழுக்கத் தூங்கியும் அந்த இழப்பு ஈடாகவில்லை. தூங்கியவர்களின் மூளை மின்னலைகளைப் பதிவு செய்தபோது, கதிர் அலைகள் எவ்வளவு அடர்த்தியாக வந்தனவோ அந்த அளவுக்கு நினைவு காப்பாற்றப்பட்டிருந்தது. கதிர் அலை என்பது ஓரிரு விநாடி வந்து போகும் ஒரு வேக அலைக் கொத்து, நூல் நூற்கும் கதிரைப் போல நடுவில் பருத்து இரு முனையிலும் மெலிந்திருக்கும். பிறந்த குழந்தையிடம் அது கிடையாது, ஒன்றரை, இரண்டு மாதத்தில் தலைகாட்டும். ஒரு குழந்தையின் பதிவில் முதன்முதலாக அதைப் பார்க்கும்போது எனக்கு இன்னும் மனசு துள்ளுகிறது.

ஆனால் அந்த ஆய்விலேயே இன்னொரு விஷயம் இருக்கிறது: மதியத் தூக்கத்தால் பெரும் பலன் கிடைத்தது வழக்கமாகத் தூங்கும் குழந்தைகளுக்குத்தான். அந்தப் பழக்கத்தை விட்டுவிட்ட குழந்தைகள் விழித்திருந்தும் அவ்வளவாக மறக்கவில்லை. ஏன்? இப்போது இருக்கும் கருத்து இது. கற்றதைத் தற்காலிகமாக வைத்துக்கொள்ளும் இடம் மூளையின் ஹிப்போகாம்பஸ். சின்ன வயதில் அது சீக்கிரம் நிரம்பிவிடுகிறது, மதியமே ஒரு தடவை காலி செய்ய வேண்டியிருக்கிறது. அது முதிர முதிர, இரவு வரை தாங்குகிறது. மதியத் தூக்கத்தை விடுவது அந்த முதிர்ச்சியின் ஓர் அடையாளம், அடம் அல்ல. இதை இன்னும் சோதித்துக்கொண்டிருக்கிறார்கள், நானும் என் பங்குக்கு.

எந்த வயதில் விடுவார்கள் என்பதும் பெரிதாக மாறும். 2 வயதுக்கு முன் விடுபவர்கள் 2.5 சதவீதத்துக்கும் குறைவு, 5 வயதுக்குள் 94 சதவீதம் பேர் விட்டுவிடுகிறார்கள். மூன்றரை வயது இரண்டுக்கும் நடுவில். மதியம் தூங்காத நாளில் மாலை அவள் சிடுசிடுக்காமல் இருக்கிறாளா, இரவு எட்டு, எட்டரைக்குத் தானாகத் தூங்குகிறாளா என்று ஒரு வாரம் குறித்துப் பாருங்கள். ஆமென்றால் அவள் மூளை அந்தப் படியைத் தாண்டிவிட்டது. குறித்ததை ஆசிரியையிடம் காட்டி, மற்றவர்கள் தூங்கும்போது இவள் சத்தமில்லாமல் படம் பார்த்துக்கொண்டோ வரைந்துகொண்டோ இருக்க அனுமதி கேளுங்கள். தூக்கம் வராத குழந்தையை ஒன்றரை மணி நேரம் அசையாமல் படுக்கவைப்பதால் அவளுக்கு ஒரு நன்மையும் இல்லை. அதே சமயம், இன்னும் தூங்கும் குழந்தைகளின் நேரத்தைப் பாடத்துக்காகப் பறிக்கவும் கூடாது. அந்தத் தூக்கம் பாடத்தின் ஒரு பகுதி.

கேள்வி: அழவிட்டுப் பழக்கினால் தானாகத் தூங்கும் என்று ஒரு கூட்டம், அப்படிச் செய்தால் மூளையில் காயம் ஏற்படும் என்று இன்னொரு கூட்டம். நடுவில் நாங்கள் மாட்டிக்கொண்டிருக்கிறோம்.

மூளையில் காயம் என்பதற்கு ஆதாரம் இல்லை. ஆஸ்திரேலியாவில் 7 மாதத்தில் தூக்கச் சிக்கல் இருந்த குழந்தைகளின் பெற்றோருக்கு இடைவெளி விட்டுப் போய்ச் சமாதானம் செய்யும் முறைகளைக் கற்றுக்கொடுத்து, அந்தக் குழந்தைகளை 6 வயதில் மறுபடி பார்த்தார்கள். 2012-ல் வந்த முடிவு: மன நலத்திலும் பெற்றோருடனான பிணைப்பிலும் கெடுதலும் இல்லை, நீண்டகால நன்மையும் இல்லை. 2016-ல் அங்கேயே மைக்கேல் கிராடிஸார் குழு எச்சிலில் கார்டிசால் என்ற மன அழுத்த ஹார்மோனை அளந்து செய்த சிறிய ஆய்விலும் மன அழுத்தம் கூடியதாகத் தெரியவில்லை.

என் கருத்தைக் கேட்டால்: ஆறு மாதத்துக்கு முன் இந்தப் பேச்சே வேண்டாம். அதற்குப் பிறகு, நீங்கள் களைத்து விழும் நிலையில் இருந்து, மனசும் ஒப்பினால் செய்யுங்கள், குற்ற உணர்வு வேண்டாம். மனசு ஒப்பவில்லையென்றால் செய்யாதீர்கள், அதனாலும் குழந்தை எதையும் இழக்காது. அதற்கு முன் தினமும் ஒரே வரிசையைப் பழக்கிப் பாருங்கள்: குளியல், பிறகு மெதுவாக உடம்பு பிடித்துவிடுவது, பிறகு தாலாட்டு, விளக்கை அணைத்தல். 405 தாய்மார்களை வைத்து 2009-ல் ஜோடி மிண்டெல் செய்த ஆய்வில், இப்படி ஒரே வரிசையைக் கடைப்பிடித்த வீடுகளில் குழந்தைகள் சீக்கிரம் தூங்கினார்கள், இரவில் விழிப்பதும் குறைந்தது. அம்மாக்களின் மனநிலையும் மேம்பட்டது. செலவே இல்லாத வழி இது.

கேள்வி: நாலு வயது மகன் குறட்டை விடுகிறான். ஆழ்ந்து தூங்குகிறான் என்று நாங்கள் சந்தோஷப்பட்டுக்கொண்டிருந்தோம்...

சளி பிடித்த நாலு நாள் என்றால் விட்டுவிடுங்கள். வாரத்தில் மூன்று இரவுக்கு மேல், சளி இல்லாமலே குறட்டை என்றால் காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் காட்டுங்கள். நடுவில் மூச்சு நின்று திணறி மறுபடி தொடங்குகிறதா, வாயைத் திறந்தே தூங்குகிறானா, கழுத்தைப் பின்னால் வளைத்துக்கொள்கிறானா, தலையணை நனையும் அளவுக்கு வியர்க்கிறதா என்று பாருங்கள். பெரும்பாலும் தொண்டையில் டான்சிலோ, மூக்குக்குப் பின்னால் இருக்கும் அடினாய்டு என்ற சதையோ வீங்கி வழியை அடைத்துக்கொண்டிருக்கும். பெரியவர்கள் தூக்கம் போதாவிட்டால் தூங்கி வழிவார்கள், குழந்தைகள் துறுதுறுவென்று அலைவார்கள், அதனால் 'அடங்காத பிள்ளை' என்ற பெயர்தான் கிடைக்கும். பிரிட்டனில் 11,000-க்கும் மேற்பட்ட குழந்தைகளைத் தொடர்ந்து கவனித்து 2012-ல் வந்த ஆய்வில், சிறு வயதில் குறட்டையும் மூச்சுத் திணறலும் இருந்தவர்களுக்கு 7 வயதில் நடத்தைச் சிக்கல்கள் கூடுதலாக இருந்தன. சரிசெய்யக்கூடிய விஷயம் இது, தள்ளிப் போடாதீர்கள்.

கேள்வி: தூங்கும் முன் போன் பார்த்தால் என்ன, பத்து நிமிடம்தானே?

எதைப் பார்க்கிறான் என்பதைவிட எவ்வளவு வெளிச்சத்தில் இருக்கிறான் என்பதை நான் முதலில் கேட்பேன். கொலராடோவில் 3 முதல் 5 வயதுக் குழந்தைகளைத் தூங்கும் முன் ஒரு மணி நேரம் பளீரென்ற வெளிச்சத்தில், ஏறக்குறைய 1000 லக்ஸில், விளையாட விட்டுப் பார்த்தார்கள். தூக்கத்துக்கு உடம்பைத் தயார் செய்யும் மெலடோனின் 88 சதவீதம் அடங்கிப்போனது, விளக்கை அணைத்து 50 நிமிடம் ஆகியும் பெரும்பாலான குழந்தைகளுக்கு அது பழைய அளவுக்கு ஏறவில்லை. பத்தே குழந்தைகளை வைத்துச் செய்தது, போன் திரை அவ்வளவு வெளிச்சமும் இல்லை. ஆனாலும் குழந்தையின் கண்மணி பெரிது, உள்ளிருக்கும் வில்லை தெளிவானது, அதே வெளிச்சம் நம்மைவிட அவனுக்குள் அதிகமாகப் போகிறது. கடைசி ஒரு மணி நேரம் வீட்டு விளக்குகளையும் சேர்த்து மங்கலாக்குங்கள்.

கேள்வி: நான் கல்லூரி மாணவன். பேசத் தெரியாத, தூங்கிக்கொண்டிருக்கிற குழந்தையை வைத்து எப்படித்தான் ஆராய்ச்சி செய்கிறீர்கள்?

தம்பி, இதற்காகத்தான் நான் காத்துக்கொண்டிருந்தேன்.

பொறுமைதான் முதல் கருவி. மூளை மின்னலைகளைப் பதிய 128 உணரிகள் கோத்த வலைத்தொப்பி ஒன்று இருக்கிறது. அதை உப்புக்கரைசலில் நனைத்து, கூடவே துளி குழந்தை ஷாம்பூ சேர்த்து, வெதுவெதுப்பாகத் தலையில் மாட்ட வேண்டும். நாங்கள் மாட்டுவோம், குழந்தை இழுத்துப் போடும். மறுபடி மாட்டுவோம். ஒரு பொம்மை, ஒரு பாட்டு, பிறகு பால், பிறகு இருட்டு. எல்லாம் கூடிவந்து கண் சொருகும் நேரத்தில் தும்மல் வந்து அன்றைய பதிவு முடிந்துவிடும். எம்ஆர்ஐ என்றால் இன்னும் கஷ்டம். இயந்திரத்தின் சத்தம் 100 டெசிபெல்லைத் தாண்டும், மயக்க மருந்தும் ஆய்வுக்காகக் கொடுக்க மாட்டோம். பால் கொடுத்து, துணியில் சுற்றி, காதுக்கு இரட்டைப் பாதுகாப்பு போட்டு, இயல்பாகத் தூங்கும்வரை அம்மாவோடு இருட்டில் உட்கார்ந்திருப்போம். வீட்டில் எடுக்கும் கணக்குக்குக் கணுக்காலில் ஒரு சின்னப் பட்டை, அசைவை வைத்துத் தூக்கத்தைச் சொல்லும்.

பேசத் தெரியாத குழந்தையின் நினைவை அளப்பதற்கு எனக்கு மிகவும் பிடித்த முறை கைப்பொம்மை. பொம்மையின் கையுறையைக் கழற்றி, ஆட்டி, உள்ளே மணி ஒலிக்கச் செய்து, மறுபடி மாட்டிக் காட்டுவார்கள். பல மணி நேரம் கழித்துப் பொம்மையைக் குழந்தையின் பக்கம் நீட்டினால், நினைவிருக்கும் குழந்தை கையுறையை இழுக்கும். 2015-ல் சபீனே ஸேஹாகன் குழு 6 மாத, 12 மாதக் குழந்தைகளிடம் இதைச் செய்தது. காட்டிய 4 மணி நேரத்துக்குள் அரை மணியாவது தூங்கிய குழந்தைகள்தான் இழுத்தார்கள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். ரெம் தூக்கத்தைக் கண்டுபிடித்ததே உங்களையும் என்னையும் போன்ற ஒரு மாணவர். சிகாகோ பல்கலைக்கழகத்தில் யூஜின் அசெரின்ஸ்கி முனைவர் பட்டத்துக்குச் சேர்ந்தபோது, பேராசிரியர் நத்தானியேல் கிளைட்மன் அவருக்குக் கொடுத்த வேலை தூங்கும் கைக்குழந்தைகளின் கண்ணைப் பார்த்துக்கொண்டே இருப்பது. வேறு யாராவது என்றால் பாதியில் விட்டிருப்பார்கள். அவர் மாதக்கணக்கில் பார்த்தார். ஒவ்வொரு மணி நேரத்திலும் கண் முழுக்க அடங்கும் ஒரு காலம் வருவதைக் கவனித்தார். பிறகு பழைய பதிவுக் கருவி ஒன்றை ஒட்டுப்போட்டு ஓடவைத்து, தன் 8 வயது மகனின் கண்ணருகே மின்முனைகளை ஒட்டி இரவு முழுக்கப் பதிந்தபோது, தூங்கும் பையனின் கண் வேகமாக ஓடுவதைக் காகிதத்தில் பார்த்தார். 1953-ல் அந்தக் கட்டுரை வந்தது. என் பதிவு தும்மலில் போகிற நாட்களில் நான் அவரைத்தான் நினைத்துக்கொள்வேன்.

இந்தத் துறைக்கு வர விரும்பினால் புள்ளியியலும் சமிக்ஞைப் பகுப்பாய்வும் இப்போதே படித்துக்கொள்ளுங்கள், உளவியலை வந்த பிறகு படிக்கலாம். செய்வதற்கு வேலை நிறைய இருக்கிறது. சூரிச்சில் சலோமே குர்த்தும் ரெட்டோ ஹூபரும் 2010-ல் காட்டியது ஒன்று: ஆழ்ந்த தூக்கத்தின் மெதுவான அலைகள் சின்ன வயதில் பின்தலையில், பார்வைப் பகுதியில்தான் ஓங்கியிருக்கும், வயது ஏற ஏற முன் பக்கம் நகர்ந்து, பருவ வயதில் நெற்றிக்குப் பின்னால் வந்து சேரும். மூளை முதிரும் அதே வரிசை. இன்னொரு குழு 60-க்கும் மேற்பட்ட ஆய்வுகளின் தரவைச் சேர்த்து 2020-ல் சொன்னது: ஏறக்குறைய 2.4 வயது வரை தூக்கம் முக்கியமாக மூளையின் இணைப்புகளைக் கட்டி மாற்றியமைக்கிறது, அதற்குப் பிறகு பழுது பார்ப்பதுதான் பெரிய வேலையாகிறது. அந்தத் திருப்பத்தில், ஒரு தனிக் குழந்தையின் மண்டைக்குள், ஒவ்வோர் இரவாக என்ன நடக்கிறது என்பதைப் பார்க்க இன்னும் ஆள் வேண்டும்.

கேள்வி: என் மனைவிக்கு 8 மாதத்தில் பிரசவம். மகன் பிறந்து 4 மாதம் ஆகிறது, இன்னும் இரவும் பகலும் தெரியவில்லை.

பிறந்த தேதியை விட்டுவிட்டு, பிறக்க வேண்டிய தேதியிலிருந்து எண்ணுங்கள். அவன் மூளைக்கு இப்போது 3 மாதம்தான். உடம்பின் கடிகாரம் பொதுவாக இரண்டு, மூன்று மாதத்தில்தான் ஓடத் தொடங்கும். காலையில் வெளிச்சத்தில் வைத்திருங்கள், இரவில் பால் கொடுக்கும்போது விளக்கும் பேச்சும் குறைவாக இருக்கட்டும்.

கேள்வி: எனக்கு இரண்டாம் ஷிப்ட் வேலை. வீடு வர இரவு பதினொன்று ஆகும். அப்போதுதான் இரண்டு வயது மகளோடு விளையாட முடியும், அவளும் விழித்தே காத்திருக்கிறாள். அவள் தூக்கத்தை நான் கெடுக்கிறேனா?

ஐயா, இந்தக் கடிதத்தை நான் பல தடவை படித்தேன்.

அவள் காலையில் எத்தனை மணிக்கு எழுகிறாள் என்று நீங்கள் எழுதவில்லை, முடிவு அதில்தான் இருக்கிறது. பன்னிரண்டுக்குத் தூங்கி, காலை பத்து வரை தூங்கி, மதியமும் ஒன்றரை மணி நேரம் தூங்கினால் 11 மணி நேரம் கடந்துவிடுகிறது. தினமும் அதே நேரம் என்றால் அவள் கடிகாரம் அதற்கேற்ப அமைந்திருக்கும், பயப்பட ஒன்றுமில்லை. ஆனால் ஏழு மணிக்கே எழுப்பிக் காப்பகத்துக்கு அனுப்ப வேண்டியிருந்தால் தினமும் கணிசமாகக் குறையும், அது அவளுக்குப் போதாது. விடுமுறை நாளில் எட்டு மணிக்கும் மற்ற நாளில் பன்னிரண்டுக்கும் தூங்குவதும் சரிவராது, வாரத்துக்கொரு தடவை வேறு தேசத்துக்குப் பறந்துவிட்டு வருவது போல அது.

இரண்டாம் ஷிப்ட் என்றால் காலை நேரம் உங்கள் கையில் இருக்கிறது. எழுப்புவது, குளிப்பாட்டுவது, காப்பகத்துக்குக் கொண்டுபோய் விடுவது, இந்த மூன்றையும் நீங்கள் எடுத்துக்கொள்ளுங்கள். இரவுத் தூக்கத்தைத் தினமும் 15 நிமிடமாக முன்னே நகர்த்துங்கள், ஒரே நாளில் மூன்று மணி நேரம் இழுக்க வேண்டாம். முதல் வாரம் கதவருகே காத்திருப்பாள், அழவும் செய்வாள். காலையில் கண் விழித்ததும் பக்கத்தில் நீங்கள் இருப்பது நாலைந்து நாள் தொடர்ந்து நடந்தால், அவள் காத்திருக்கும் நேரம் தானாகவே காலைக்கு மாறிவிடும்.